புண்ணுற்றாளைப் பேணுதல்: கறுப்பின அமெரிக்க மகளிர் எழுத்தில் நலமும் அரசியலும்

1. முன்னுரை

புறத்திணை இலக்கியத்தில் புண்ணுக்கு உரிய இடம் சிறிதன்று. களத்திற் பட்ட புண்ணைப் புகழெனக் கொண்ட பண்டைப் புலவர், அப்புண்ணோடு மனையிற் கிடப்பவனைப் பேணும் நிலையையும் பாடற்குரிய பொருளாகக் கொண்டனர். காஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகிய தொடாக்காஞ்சி இதனையே குறிப்பதாகும். புண்பட்ட கணவனைப் பேய் நெருங்காதவாறு மனைவி காத்து நிற்றலைத் தொல்காப்பியர் இத்துறையாக வகுத்தார். புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில் கிழார் இக்காவலின் முறைகளை விரித்துரைக்கிறார். மனையில் வேப்பந்தழை செருகப்படுகிறது, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, மணி ஒலிக்கிறது, காஞ்சிப்பண் பாடப்படுகிறது, நறும்புகை எழுகிறது. ஒரு பெண் தன் தோழியை அழைத்து, இருவரும் கூடிப் புண்ணைக் காப்போம் என்கிறாள்.

இத்துறையில் புண்ணுற்றவன் ஆடவன், காப்பவள் பெண். களம் புகுந்தவளே பெண்ணாயின், அவள் புண்ணைக் காப்பார் யாவர் என்னும் வினாவிற்கு இத்துறை விடை கூறவில்லை. அவ்வினாவையே தம் எழுத்தின் நடுப்பொருளாகக் கொண்டோர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த கறுப்பின அமெரிக்க மகளிர் எழுத்தாளர் ஆவர். அவருள் ஆட்ரி லார்ட், டோனி கேட் பம்பாரா ஆகிய இருவர்தம் நூல்களை ஆராய்வதும், அவற்றின்வழி அரசியல் ஏமாற்றத்திற்குப்பின் நலம் பெறுதல் என்பதன் பொருளைத் தெளிவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். இருவேறு மரபுகளுக்கிடையே தொடர்போ கடனோ உண்டென இங்குக் கூறப்படவில்லை. தொடாக்காஞ்சி ஓர் ஒப்புநோக்குக் கருவியாகவே கொள்ளப்படுகிறது.

இவ்வினா பழமைபட்டதுமன்று. 2024 நவம்பர் 5ஆம் நாள் நடைபெற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் கமலா ஹாரிஸ் தோல்வியுற்றார். கறுப்பின மகளிருள் ஏறத்தாழப் பதின்மருக்கு ஒன்பதின்மர் அவருக்கே வாக்களித்தனர் என்பது வாக்குச்சாவடிக் கணிப்புகளால் அறியப்பட்டது. அவர்தம் அன்னையார் சியாமளா கோபாலன் தமிழ்க்குடியிற் பிறந்தவர் ஆதலின், அத்தேர்தலைத் தமிழ் மக்களும் கூர்ந்து நோக்கினர். தோல்விக்குப்பின் கறுப்பின மகளிர் பலர், தாம் இனிச் சிறிது காலம் ஓய்வு கொள்ளப்போவதாக வெளிப்படக் கூறினர். அதனைக் கடமை துறத்தல் எனப் பழித்தோரும் உளர். அப்பழி பொருந்துமா என்பதனை இந்நூல்களின் துணைகொண்டு ஆராய்தல் தகும்.

2. புறப்புண்

அரசியல் ஏமாற்றம் என்பதனைத் தோல்வி என்பதனின்று பிரித்தறிதல் வேண்டும். பகைவன் வென்றால் அது தோல்வி. துணையென நம்பியவர் கைவிட்டால் அது ஏமாற்றம். நம் மரபில் முதுகிற் பட்ட புண் அதனைத் தாங்கியவனுக்கு நாணம் தருவது. புறங்காட்டி ஓடினான் என்பதற்கு அது சான்று. கறுப்பின மகளிரின் புண்ணும் புறப்புண்ணே. ஆயின் அவர் ஓடியதால் அது விளையவில்லை. பின்னின்றவர் தாக்கியதாலும் விலகியதாலும் விளைந்தது. இங்கே நாணம் கொள்ளத்தக்கார் வேறு ஆவர்.

இதற்கு ஃபேன்னி லூ ஹேமரின் வாழ்வு தக்க சான்றாகும். 1917இல் மிசிசிப்பி மாநிலத்திற் பிறந்த இவர், ஆறு அகவை முதற் பருத்தி எடுத்தவர். 1961இல் வேறொரு கட்டியை அகற்றச் சென்ற மருத்துவமனையில் இவர் இசைவு பெறாமலே கருப்பை நீக்கப்பட்டது. 1962இல் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றமைக்காகத் தாம் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963 ஜூனில் வினோனா நகரச் சிறையில் அடியுண்டு, சிறுநீரகத்தில் மாறாக் கேடுற்றார்.

இவையெல்லாம் பகைவர் தந்த புண்கள். இவற்றை அவர் தாங்கினார். 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் நகரில் நடந்த சனநாயகக் கட்சி மாநாட்டிற்கு மிசிசிப்பி விடுதலைச் சனநாயகக் கட்சியின் பேராளருள் ஒருவராக அவர் சென்றார். கறுப்பினத்தாரை விலக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட வெள்ளையர் குழுவிற்கு மாற்றாகத் தம் குழுவை ஏற்கவேண்டும் என வாதிட்டார். கட்சித் தலைவர்கள் இரண்டு இடங்கள் மட்டுமே தர முன்வந்தனர். அவ்விடங்களில் அமர்வார் யார் என்பதனையும் தாமே முடிவு செய்தனர். தமக்கு நண்பரென நம்பப்பட்டோரும் அதனை ஏற்குமாறு அறிவுறுத்தினர். ஹேமரும் அவர்தம் குழுவினரும் மறுத்தனர்.

அதன்பின் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. அவ்வாண்டு செப்டம்பரில், பாடகர் ஹாரி பெலஃபாண்டேயின் ஏற்பாட்டால், ஹேமரும் இயக்கத் தோழர் சிலரும் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டிற்குச் சென்று தங்கினர். அரசு நடத்துவோரும் வானூர்தி செலுத்துவோரும் தம் நிறத்தவராய் இருத்தலை அவர் ஆங்குக் கண்டார். களைத்தோரைக் களத்தினின்று சிறிது அகற்றிப் பேணுதல் இயக்கத்தின் கடமைகளுள் ஒன்று என்பதனை உணர்ந்தோர் அன்றே சிலர் இருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். ஆயின் அப்பேணல் சில கிழமையளவே நீடித்தது. திரும்பிய ஹேமர் மீண்டும் பிறரைக் காக்கும் பணியையே மேற்கொண்டார். 1969இல் 40 ஏக்கர் நிலத்தில் விடுதலைப் பண்ணை என்னும் கூட்டுறவை நிறுவி, வறியோர்க்கு உணவும் வளர்ப்பதற்குப் பன்றிக் குட்டிகளும் வழங்கினார். 1977இல் தம் 59ஆம் அகவையில், மார்பகப் புற்றுநோயுற்று மறைந்தார். ஊருக்கு உணவளித்த அவர்தம் உடலைக் காத்தற்கு நிலையான ஏற்பாடு ஒன்றும் இருந்ததில்லை. இக்குறையிலிருந்தே லார்டும் பம்பாராவும் தம் சிந்தனையைத் தொடங்குகின்றனர் எனலாம்.

3. ஆட்ரி லார்ட்: தன் புண்ணைத் தானே காத்தல்

ஆட்ரி லார்ட் (1934–1992) நியூயார்க் நகரிற் பிறந்த கவிஞர். 1978இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் பெற்றார். அப்பட்டறிவை 1980இல் வெளிவந்த ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ என்னும் நூலில் எழுதினார். அந்நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இழந்த மார்புக்கு மாற்றாகச் செயற்கை மார்பு அணியாமல் மருத்துவரிடம் சென்றபோது, அணியாது வருதல் அவ்விடத்தின் ஊக்கத்தைக் குலைக்கும் என ஒரு செவிலி கடிந்துரைக்கிறார். போரிற் கண்ணிழந்த ஆடவர் ஒருவரின் கண்மறைப்பு உலகத்தாரால் வீரச் சின்னமாக மதிக்கப்படுவதை லார்ட் இதனோடு ஒப்பிடுகிறார். ஆடவனுக்கு விழுப்புண்ணாவது பெண்ணுக்கு மறைக்கத்தக்க குறையாவது ஏன் என்பதே அவர்தம் வினா. புண்ணை மறைத்தால், அதே புண்ணுற்ற பிற பெண்டிர் ஒருவரையொருவர் அறிய இயலாது என்பது அவர் காட்டும் காரணம். தன் உடலைப் பற்றிய ஒரு முடிவு இவ்வாறு பொதுநலம் பற்றிய முடிவாக விரிகிறது.

1984இல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியமை அறியப்பட்டது. அதன்பின் எழுதிய நாட்குறிப்புகளே 1988இல் வெளிவந்த ‘எ பர்ஸ்ட் ஆஃப் லைட்’ நூலின் பெரும்பகுதியாகும். தன்னைப் பேணுதல் இன்பநுகர்ச்சியாகாது, உயிர் காக்கும் செயலாகவும் அரசியற் போராட்டத்தின் கூறாகவும் அமைவது என்னும் அவர்தம் புகழ்பெற்ற கருத்து இந்நூலின் முடிவுரையில் இடம்பெறுகிறது. இன்று அக்கருத்தைத் தனியே பெயர்த்தெடுத்து, நறுமண எண்ணெய்க்கும் சொகுசு விடுதிக்கும் விளம்பரமாக வழங்குவோர் பலர். அது பிறந்த இடத்தை அவர் நோக்குவதில்லை. அதனை எழுதியவர் ஈரற் புற்றுநோயுற்று, எஞ்சிய நாட்கள் எத்துணை என்றறியாத நிலையில், தம் ஆற்றலை எதற்குச் செலவிடுவது, எதற்கு மறுப்பது என நாடோறும் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர். எல்லைமீறித் தன்னை நீட்டிக்கொள்ளுதல் தன்னை விரிவாக்கிக்கொள்ளுதல் ஆகாது என்பதே அம்முடிவுரையின் அடிப்படை. தென்னாப்பிரிக்கப் பெண்டிர்க்குத் துணைபுரிதல், மாணவர்க்குக் கற்பித்தல், மருத்துவம் பெறுதல், மக்களோடு இருத்தல் ஆகிய அனைத்தும் ஒரே நாட்குறிப்பின் பக்கங்களில் அடுத்தடுத்து வருகின்றன. அகமும் புறமும் இங்கு வேறுபடுத்தற்கு இயலாதவாறு ஒன்றியுள்ளன.

ஆயினும் லார்டின் நூலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மருத்துவம் நாடி அவர் பெர்லினுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் செல்ல முடிந்தது. நியூயார்க் நகரக் கல்லூரியொன்றின் பேராசிரியராக விளங்கிய அவர்க்கு வாய்த்த இவ்வாய்ப்பு, மிசிசிப்பியின் பருத்தித் தொழிலாளிக்கு வாய்ப்பதன்று. மேலும், ஈரற் கட்டியை அறுத்து ஆராயுமாறு மருத்துவர் கூறியதை அவர் முதலில் மறுத்தது அவருக்கே உரிய முடிவு. பிறர்க்கு அது வழிகாட்டியாகாது. தன் புண்ணைத் தானே காத்தல் என்னும் கொள்கையின் வலிமையும் எல்லையும் ஒருங்கே இந்நூலிற் புலனாகின்றன.

4. டோனி கேட் பம்பாரா: சுற்றி நிற்போர்

இவ்வெல்லையைக் கடந்து செல்வது டோனி கேட் பம்பாராவின் (1939–1995) நாவல் ‘தி சால்ட் ஈட்டர்ஸ்’. உப்பை உண்போர் என்பது அதன் பொருள். 1980இல் வெளிவந்த இந்நாவலின் கதைமுதல்வி வெல்மா ஹென்றி. கிளேபோர்ன் என்னும் கற்பனை ஊரில், உரிமை இயக்கங்களில் நெடுங்காலம் உழைத்தவள். உழைப்பின் கடுமையாலும் இயக்கங்களின் பிளவாலும் உளம் நைந்து, தன் உயிரைத் தானே மாய்க்க முயன்று, காப்பாற்றப்படுகிறாள். ஊர் மருத்துவமனையில் ஒரு முக்காலியில் அமர்ந்திருக்கும் அவளுக்கு மின்னி ரான்சம் என்னும் மூதாட்டி நலமளிக்க முயலும் சிறிது பொழுதே நாவலின் நிகழ்காலம். ஏனையவை நினைவுகளாகவும் பிறர் வாழ்வுகளாகவும் அதனைச் சுற்றி விரிகின்றன.

வெல்மாவின் புண் எத்தகையது என்பதனை ஆசிரியர் நிகழ்ச்சிகளாற் காட்டுகிறார். நீண்டதொரு நடைப்பயணத்தில் அவள் கால் வீங்கி, உடை கறைபட்டு, சோர்ந்து நிற்கிறாள். தலைவரோ நலுங்காத உடையோடு விடுதியில் தோன்றுகிறார். கூட்டமொன்றில் ஆடவர் திட்டம் தீட்ட, உழைப்பனைத்தும் பெண்டிர்மேல் விழுகிறது. அது பொறாது வெல்மாவும் பிறரும் தமக்கெனத் தனியமைப்பு காண்கின்றனர். அவள் கைவிட்ட பணிகளைப் பின்னர்ப் பலர் கூடிச் செய்ய வேண்டியிருந்தது எனக் கூறப்படுகிறது. ஒருத்தி பலர் சுமையைத் தாங்கியது அவள் விழுந்த பின்னரே பிறர் கண்ணுக்குப் புலனாகிறது.

நாவலின் தொடக்கத்திலேயே மின்னி, நலமடைய வெல்மாவிற்கு உண்மையில் விருப்பம் உண்டோ என வினவுகிறாள். நோயுற்றவளை நோக்கி இவ்வாறு கேட்பது கொடுமை போலத் தோன்றலாம். ஆழ்ந்து நோக்கின் இவ்வினாவே நாவலின் திறவுகோல் என்பது விளங்கும். நலமுற்றவளுக்குக் காத்திருப்பது என்ன? அவளை நோய்க்கு உள்ளாக்கிய அதே பணிகள், அதே கூட்டங்கள், அதே நன்றியின்மை. ஓய்வுக்கு வேறு வழியே வைக்காத இயக்கத்தில் நோய் ஒன்றே விடுப்பாகிறது. ஆகவே நலத்தை மறுத்தற்கு வெல்மாவிற்குக் காரணம் உண்டு. மின்னி அக்காரணத்தை மதித்தே வினவுகிறாள். நலம் என்பது சுமையும் உடையது என முன்னரே எச்சரிக்கிறாள். இத்துணை நேர்மையான மருத்துவ உரையாடல் பிற நாவல்களிற் காண்டல் அரிது.

வெல்மாவைச் சுற்றிப் பன்னிருவர் வளைந்து நிற்கின்றனர். மருத்துவமனைப் பணியாளரும் பார்வையாளரும் உடனிருக்கின்றனர். மருத்துவக் கல்வி பெற்றோரும் மரபுமுறை வல்லோரும் ஒரே மனையிற் பணிபுரிகின்றனர். அம்மருத்துவமனை 1871இல் அவ்வூர்க் கறுப்பின மக்களால் நிறுவப்பட்டது என நாவல் கூறுகிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நாற்பகுதியாக வகுத்தார் வள்ளுவர். பம்பாராவின் காட்சியில் அந்நான்கும் உள. அவற்றோடு, தலைமுறை தலைமுறையாக மக்கள் கட்டிக்காத்த மனை ஒன்றும் உளது. ஹேமருக்கு வாய்க்காததும், லார்ட் தாமே தேடிச் சென்று பெறவேண்டியிருந்ததும் இத்தகைய மனையே.

தொடாக்காஞ்சியோடு ஒப்பிடும்பொழுது இரு வேறுபாடுகள் தோன்றுகின்றன. அரிசில் கிழார் பாட்டில் ஐயவி காப்புப் பொருளாகிறது; இங்கு உப்பு அவ்விடத்தைப் பெறுகிறது. உப்பு நச்சுக்கடிக்கு மருந்து. புண்ணை ஆற்றவும் வல்லது. ஆயின் உப்பை உண்டு நஞ்சை முறித்தல் வேறு, தானே உப்புத்தூணாய் இறுகிப்போதல் வேறு என நாவல் பிரித்துணர்த்துகிறது. கசப்பை உட்கொள்ளலாம், கசப்பாகவே மாறிவிடல் ஆகாது என்பது இதன் கருத்தாகக் கொள்ளத்தகும். இரண்டாவது வேறுபாடு இதனினும் ஆழமானது. தொல்காப்பியர் வகுத்த துறையிற் பேய் வெளியினின்று வருவது, விரட்டத்தக்கது. வெல்மாவின் கண்முன் தோன்றும் சேற்றாலாகிய தாயர் உருவங்களை அவள் பேயெனக் கருதி அஞ்சி விலகுகிறாள். நாவலின் போக்கில் அவை அவள் மறந்த மரபின் அழைப்பே என்பது புலனாகிறது. விரட்டுதலை விடுத்து எதிர்கொள்ளுதலே அவளுக்கு மருந்தாகிறது.

நாவலிற் குறைகளும் உள. மாந்தர் பலர், காலம் முன்னும் பின்னும் மாறுகிறது, பேருந்தோட்டி ஒருவரின் நினைவும் உணவகத்துப் பேச்சும் வெல்மாவின் கதையை நெடுந்தொலைவு விட்டு அகல்கின்றன. பயில்வோர் இடர்ப்படுதல் இயல்பே. ஒருத்தியின் நலம் ஊரனைத்தின் நலத்தோடு பின்னியது என்னும் கருத்திற்கு இவ்வட்ட அமைப்பு பொருந்துவது எனினும், சில இடங்களில் அமைப்பு கருத்தை விழுங்கிவிடுகிறது என்பதனை மறுத்தற்கில்லை.

5. மறுப்பும் விடையும்

இக்கொள்கையை மறுப்போர் இருவகையினர். ஓய்வு என்பது வசதியுடையோர்க்கே உரியது, அன்றாடக் கூலிக்கு உழைப்பவள் எங்ஙனம் தன்னைப் பேணுவாள் என்பர் ஒரு சாரார். இவ்வினா நேர்மையானது. இனவேற்றுமையும் வறுமையும் ஆண்டுதோறும் உடலை அரித்து, கறுப்பின மகளிரை அகவைக்கு முன்னரே முதுமைப்படுத்துகின்றன என்னும் கருதுகோளை ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இல் முன்வைத்தார். வெயிலிலும் மழையிலும் கல் தேய்வது போன்ற இத்தேய்வினைத் தனியொருத்தியின் ஓய்வு மட்டும் தடுத்தல் இயலாது.

ஆயின் இதற்கு விடையும் அம்மகளிர் வரலாற்றிலேயே உண்டு. 1983 ஜூனில் பில்லி ஏவரி முதலியோர் அட்லாண்டா நகரின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பின மகளிர் உடல்நலம் பற்றிய தேசிய மாநாட்டைக் கூட்டினர். ஏறத்தாழ 2,000 பெண்டிர் வந்தனர். அங்கிருந்து வளர்ந்த இயக்கம் சிறுசிறு தன்னுதவிக் குழுக்களை அமைத்து, பெண்டிர் தம் துயரைத் தம்முள் வெளியிட வழிசெய்தது. பெல் ஹூக்ஸ் தம் மாணவியர்க்கென நடத்திய குழுவிற்கும், 1993இல் வெளியிட்ட நூலுக்கும் ‘சிஸ்டர்ஸ் ஆஃப் தி யாம்’ எனப் பெயரிட்டார். அப்பெயருக்குத் தூண்டுதல் பம்பாராவின் நாவலே. ஒரு கற்பனை நூல் மெய்யான குழுக்களுக்கு வித்தாயிற்று என்பது இலக்கிய வரலாற்றிற் குறிக்கத்தக்க செய்தியாகும்.

மற்றொரு சாரார் தன்னைப் பேணுதலை ஒப்புக்கொள்வர். ஆனால் மீண்டும் களம்புகுதற்கு வேண்டிய வலிமை பெறும் அளவிற்கே என்பர். இது நட்புரை போலத் தோன்றினும் ஆராயத்தக்கது. இவ்வுரையில் பெண்ணின் உடல் ஒரு படைக்கருவியாகவே எஞ்சுகிறது. கருவியைத் தீட்டிவைத்தல் போன்றதே பேணலும் ஆகிறது. லார்டும் பம்பாராவும் இதற்கு உடன்படார். வெல்மா முக்காலியினின்று எழுவதோடு நாவல் முடிகிறது. அவள் எந்தக் கூட்டத்திற்குச் சென்றாள், எந்தப் பணியை மீண்டும் ஏற்றாள் என ஆசிரியர் கூறவில்லை. அவ்வமைதி பொருளுடையது. அவள் வாழ்தலே போதிய பயன் என்பது அதனாற் குறிப்பாக உணர்த்தப்படுகிறது.

நலம் என்பது பிணிநீக்கமும் அன்று. ஹேமர் 59ஆம் அகவையிலும், லார்ட் 58ஆம் அகவையிலும், பம்பாரா 56ஆம் அகவையிலும் மறைந்தனர். மூவரும் புற்றுநோயுற்றோர். தம் கொள்கை தம் உயிரை நீட்டிக்கும் என்னும் உறுதி அவர் எவர்க்கும் கிட்டவில்லை. எனினும் இறுதி வரை தம் உடலைத் தமக்குரியதாகக் கொண்டு வாழ்தலே நலம் என லார்ட் கண்டார். மருந்து தீர்க்காத நோயிலும் பெறத்தக்கதோர் நலம் உண்டென்பதே அவர்தம் நாட்குறிப்பு தரும் பெரும்பேறு.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, கறுப்பின மகளிரின் அரசியல் ஏமாற்றம் பெரும்பாலும் துணைவரால் விளைந்தது. ஆகவே அதன் நாணம் அவர்க்குரியதன்று. இரண்டாவது, அப்புண்ணைக் காத்தல் அவள் ஒருத்தியின் கடமை மட்டுமன்று; சுற்றி நிற்போரும் நிலைத்ததொரு மனையும் இன்றி அது நிறைவுறாது. மூன்றாவது, அந்நலத்திற்குப் பயன் கேட்டல் தகாது.

இவற்றைக் கொண்டு நோக்கின், 2024க்குப்பின் ஓய்வை நாடிய மகளிரைக் கடமை துறந்தோர் எனப் பழித்தல் பொருந்தாமை விளங்கும். அவர் ஆற்றாது விட்ட பணி எதுவென வினவுவோர், அவர் புண்ணைக் காக்கத் தாம் ஆற்றிய பணி எதுவென முதலில் தம்மை வினவிக்கொள்ளுதல் முறை. அரிசில் கிழார் பாட்டில் ஒரு பெண் மற்றொருத்தியைக் காவலுக்கு அழைத்தாள். அன்று காக்கப்பட்டவன் ஆடவன். அக்காவலைப் புண்ணுற்ற பெண்ணுக்கும் உரியதாக்கி, அதற்கு ஊரனைத்தையும் அழைத்தமையே பம்பாராவும் லார்டும் இலக்கியத்திற்குச் செய்த தொண்டு என்க.